திணறும் மூச்சுக்கு எந்தத் துணை?

பிராங்கியோலைட்டிஸ் நோய்க்கு மருந்து கிடையாது. சாதாரணச் சளிபோலத் தொடங்கி, மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் உச்சத்தைத் தொடும் இந்த நுரையீரல் நுண்குழாய் அழற்சி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தாக்குகிறது. பெரும்பாலும் காரணம் ஆர்.எஸ்.வி. எனப்படும் வைரஸ். நெபுலைசரில் தரும் சால்பூட்டமால், ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், நெஞ்சைத் தட்டிச் சளி எடுக்கும் பிசியோதெரபி ஆகிய எதையும் வழக்கமாகத் தர வேண்டியதில்லை என்று 2014-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும், 2015-இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் அறிவித்தன. வைரஸ் அடங்கும்வரை குழந்தைக்குப் பாலோ நீரோ உள்ளே போக வேண்டும். மூச்சு நிற்காமல் ஓட வேண்டும். சிகிச்சை என்பது இவ்வளவுதான்.

பெரும்பாலான குழந்தைகள் வீட்டிலேயே தேறிவிடுகின்றன. ஆனால் நோயின் பரப்பு பெரிது. 2019-இல் உலகெங்கும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களிடம் ஆர்.எஸ்.வி. சுமார் 3.3 கோடி நுரையீரல் தொற்றுகளை உண்டாக்கியது. 36 லட்சம் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்கிறது லான்செட் இதழில் வெளியான மதிப்பீடு. அந்த இறப்புகளில் 97 விழுக்காடு குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நேர்ந்தவை.

மருந்தில்லாத நோயில் மூச்சுக்குத் தரும் துணையே எல்லாமும் ஆகிவிடுகிறது. தொண்டைக்குள் குழாய் செருகி வென்டிலேட்டரில் இணைப்பது கடைசிப் படி. அதற்கு முன்னால் மூக்கின் வழியாகவே உதவும் முறைகள் சில உள்ளன: குறைந்த வேக ஆக்சிஜன், ஹை ஃப்ளோ, சி-பேப், பை-பேப். இவற்றில் எதை, யாருக்கு, எப்போது என்ற கேள்விக்குக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றின் முடிவுகள் முதல் பார்வையில் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒவ்வோர் ஆய்வும் எந்தக் கேள்வியைக் கேட்டது, எப்படிப்பட்ட வார்டில் கேட்டது என்று பார்த்தால்தான் அவை சொல்வது விளங்கும்.

குழந்தை ஏன் களைத்துப்போகிறது?

வைரஸ் தாக்கிய நுண்குழாயின் உட்சுவர் வீங்குகிறது. உதிர்ந்த செல்களும் சளியும் அதை அடைக்கின்றன. பெரியவரின் மூச்சுக்குழாயில் இந்த வீக்கம் பெரிதாகத் தெரியாது. கைக்குழந்தையிடம் நிலைமை வேறு. காற்று சீராக ஓடும் குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், அதன் தடை 16 மடங்கு கூடும் என்பது பிரெஞ்சு மருத்துவர் புவாஸேயின் விதி. ஏற்கெனவே குறுகலான குழாயில் மெல்லிய வீக்கமே பெரும் தடையாகிவிடுகிறது.

காற்று உள்ளே போகும் அளவுக்கு வெளியே வர முடிவதில்லை. மூச்சை முழுவதும் விட்டு முடிப்பதற்குள் அடுத்த மூச்சை இழுக்க வேண்டியிருப்பதால், நுரையீரலில் காற்று தேங்குகிறது. தேங்கிய காற்றின் அழுத்தத்தை முதலில் வென்ற பிறகுதான் புதுக் காற்று உள்ளே நுழையும். ஒவ்வொரு மூச்சிலும் குழந்தையின் உதரவிதானம் இந்த வீண் உழைப்பைச் செய்கிறது, நிமிடத்துக்கு அறுபது எழுபது முறை.

அந்த உழைப்பு வெளியிலிருந்தே தெரியும். மூக்குத் துவாரங்கள் விடைக்கும். விலா இடுக்குகளும் விலாவுக்குக் கீழுள்ள பகுதியும் ஒவ்வொரு மூச்சுக்கும் குழிந்து உள்ளே போகும். தலை மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். மூச்சு விடும்போது ஒரு முனகல் கேட்கும். தொண்டையைப் பாதி மூடி, நுரையீரல் சுருங்கிப்போகாமல் காக்க உடல் தானாகவே செய்யும் முயற்சி அது. பால் குடிப்பதைக் குழந்தை பாதியில் விட்டுவிடும், உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒருசேர நேரமில்லாததால். குறைமாதத்தில் பிறந்தவர்களும் சில வாரமே ஆனவர்களும் இத்தனை அறிகுறியும் காட்டாமல் திடீரென்று மூச்சை நிறுத்திவிடவும் கூடும்.

ஆக்சிஜன்: எண்ணைப் பார்ப்பதா, குழந்தையைப் பார்ப்பதா?

முதல் படி, மூக்கில் பொருத்தும் மெல்லிய குழாய் வழியாக நிமிடத்துக்கு அதிகபட்சம் 2 லிட்டர் ஆக்சிஜன். இதை எப்போது தொடங்குவது என்பதிலேயே கருத்து வேறுபாடு இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் 94 விழுக்காடு இருக்க வேண்டும் என்றார்கள் சிலர். 90 போதும் என்றார்கள் சிலர்.

பிரிட்டனில் எட்டு மருத்துவமனைகளில் 615 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, 2015-இல் லான்செட் இதழில் வந்தது. பாதிக் குழந்தைகளுக்குப் பொருத்திய பல்ஸ் ஆக்சிமீட்டர்கள், உண்மையான அளவு 90 ஆக இருக்கும்போது திரையில் 94 என்று காட்டும்படி மாற்றி அமைக்கப்பட்டிருந்தன. செவிலியருக்கோ பெற்றோருக்கோ எந்தக் குழந்தை எந்தப் பிரிவில் இருக்கிறது என்று தெரியாது. இருமல் நிற்க இரு பிரிவுக்கும் ஒரே கால அளவுதான் ஆனது. 90 விழுக்காட்டை ஏற்றுக்கொண்ட பிரிவுக் குழந்தைகளோ குறைந்த நேரமே ஆக்சிஜனில் இருந்து, சீக்கிரம் வீடு திரும்பினார்கள்.

பிராங்கியோலைட்டிஸில் கருவி காட்டும் எண்ணை மட்டும் துரத்தினால், தேவையற்ற சிகிச்சை கூடும் என்பதை இந்த ஆய்வு நிறுவியது. இதன் மறுபக்கமும் உண்டு. ஆக்சிஜன் கொடுத்ததும் எண் 97-க்கு ஏறிவிடலாம். உதரவிதானம் படும் பாடு அப்படியே தொடரலாம். குறைந்த வேக ஆக்சிஜன் ரத்தத்துக்கு உதவுகிறது, மூச்சுத் தசைகளுக்கு உதவுவதில்லை. ஆகவே அடுத்த படிக்குப் போவதைத் தீர்மானிக்க வேண்டியது திரை அல்ல, குழந்தையின் நெஞ்சுக்கூடு.

ஹை ஃப்ளோ: வார்டுக்குள் வந்த கருவி

ஹை ஃப்ளோ கருவி காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து, உடல் வெப்பத்துக்கு ஏறக்குறையச் சூடாக்கி, ஈரப்பதம் நிறைத்து, எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் என்ற வேகத்தில் மூக்குக்குள் செலுத்துகிறது. 6 கிலோ குழந்தைக்கு நிமிடத்துக்கு 12 லிட்டர். இந்த ஓட்டம் மூக்கிலும் தொண்டையிலும் தங்கும் கரியமில வாயு நிறைந்த பழைய காற்றைக் கழுவி வெளியேற்றுகிறது. அடுத்த மூச்சில் புதுக் காற்றே உள்ளே போகிறது. உடல் அளவோடு ஒப்பிட்டால் கைக்குழந்தைகளுக்கு மூக்கு, தொண்டைப் பகுதியின் கொள்ளளவு அதிகம் என்பதால், இந்தக் கழுவுதலின் பயனும் அவர்களுக்கு அதிகம். ஓரளவு அழுத்தமும் உண்டாகிறது. ஆனால் அது நிலையானதல்ல: வாய் திறந்தால் இறங்கும், குழாய் நழுவினால் மறையும்.

கருவி பயன்படுத்த எளிது. குழந்தை அதிகம் அழுவதில்லை, மடியில் வைத்துக்கொள்ளலாம், மூக்கு வழி உணவுக்குழாயில் பாலும் கொடுக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த சிகிச்சை பொது வார்டுக்கு இடம்பெயர்ந்ததற்கு இந்த எளிமையே காரணம்.

அது அங்கே என்ன சாதித்தது? ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 17 மருத்துவமனைகளில், ஒரு வயதுக்கு உட்பட்ட 1,472 குழந்தைகளிடம் நடந்த பாரிஸ் ஆய்வு 2018-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. பெயர்தான் பாரிஸ், பிரான்ஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குலுக்கல் முறையில் ஒரு பிரிவுக்குத் தொடக்கத்திலேயே ஹை ஃப்ளோ. மற்றதற்கு வழக்கமான ஆக்சிஜன். நிலைமை மோசமாகிச் சிகிச்சையைக் கூட்ட நேர்ந்தது ஹை ஃப்ளோ பிரிவில் 12 விழுக்காட்டினருக்கு, மற்றப் பிரிவில் 23 விழுக்காட்டினருக்கு.

பாதிக்குப் பாதி குறைவு என்று இதைப் பாராட்டியவர்கள் பலர். ஆனால் அதே ஆய்வில் மருத்துவமனையில் தங்கிய நாட்களிலும், ஆக்சிஜன் தேவைப்பட்ட காலத்திலும், தீவிர சிகிச்சைக்குச் சென்றவர் விகிதத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வழக்கமான ஆக்சிஜன் பிரிவில் 77 விழுக்காட்டினருக்கு மேற்கொண்டு எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட 167 பேருக்கு அப்போது ஹை ஃப்ளோ கொடுத்ததும் 61 விழுக்காட்டினர் தேறினார்கள். ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 202 குழந்தைகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்விலும் இதே சித்திரம்: ஆக்சிஜன் தேவைப்பட்ட காலம் குறையவில்லை, முதல் சிகிச்சை தோற்றவர்களில் பெரும்பாலோரை ஹை ஃப்ளோ மீட்டது.

ஆகவே ஹை ஃப்ளோ மீட்புக்கு உரிய கருவி. எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் நாளே பொருத்த வேண்டியதல்ல. ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளிடம் அதே ஆய்வாளர்கள் நடத்தி 2023-இல் வெளியிட்ட இரண்டாம் ஆய்வில், முன்கூட்டியே ஹை ஃப்ளோ பெற்றவர்கள் மருத்துவமனையில் சற்றுக் கூடுதல் காலம் தங்க நேர்ந்தது. பொருத்திய கருவியைப் படிப்படியாகக் குறைத்து எடுப்பதற்கும் நேரம் பிடிக்கும்தானே.

ஆக்சிஜன் செலவும் யோசிக்க வேண்டிய ஒன்று. காற்றையும் ஆக்சிஜனையும் கலக்கும் வசதி இல்லாத இடத்தில், 6 கிலோ குழந்தைக்குத் தூய ஆக்சிஜனை நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் விட்டால், 7,000 லிட்டர் கொண்ட பெரிய சிலிண்டர் பத்து மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். நிமிடத்துக்கு 1 லிட்டர் என்றால் அதே சிலிண்டர் ஏறக்குறைய ஐந்து நாள் வரும்.

சி-பேப்: அழுத்தத்தின் பலம்

சி-பேப் முறையில், மூக்கில் இறுக்கமாகப் பொருந்தும் குழாயோ முகமூடியோ மூச்சு இழுக்கும்போதும் விடும்போதும் ஒரே அளவு அழுத்தத்தை நிலைநிறுத்துகிறது. மூடிக்கொள்ளப் பார்க்கும் நுண்குழாய்கள் திறந்தே இருக்கின்றன. தேங்கிய காற்று வெளியேற வழி கிடைக்கிறது. மூச்சைத் தொடங்கக் குழந்தை செய்ய வேண்டிய வீண் உழைப்பும் குறைகிறது. 1971-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரியும் உடன் பணிபுரிந்தோரும் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் திணறலுக்கு இதை அறிமுகப்படுத்தினார்கள். பிராங்கியோலைட்டிஸுக்கு இதைப் பயன்படுத்திய அனுபவம் 1981-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது.

எவ்வளவு அழுத்தம் சரி? பிரெஞ்சு மருத்துவர்கள் கடுமையான பிராங்கியோலைட்டிஸ் கண்ட குழந்தைகளிடம் 4, 7, 10 செ.மீ. நீர் அழுத்தங்களை மாற்றி மாற்றி வைத்து, மூச்சுத் தசைகளின் உழைப்பை அளந்தார்கள். உழைப்பு மிக அதிகமாகக் குறைந்தது 7-இல்தான். 10-க்கு உயர்த்தியதால் கூடுதல் பயன் இல்லை.

இதற்கு விலையும் உண்டு. இறுக்கமான குழாய் மூக்கின் நடுச்சுவரைப் புண்ணாக்கலாம். காற்று வயிற்றுக்குள் போய் உப்பச் செய்யலாம். குழந்தை திமிறி அழுதால் மயக்க மருந்து தேவைப்படலாம். இரண்டு அழுத்தங்களை மாற்றி மாற்றித் தரும் பை-பேப் கருவிக்கு இன்னொரு சிக்கல்: நிமிடத்துக்கு அறுபது முறை மேலோட்டமாக மூச்சுவிடும் குழந்தையின் ஒவ்வொரு மூச்சையும் அது சரியாகக் கண்டுகொள்ள வேண்டும். காற்றுக் கசிவு இருந்தால் தப்பான நேரத்தில் தள்ளும். உதரவிதானத்தின் மின் அலையைப் படித்து அதற்கேற்பத் தள்ளும் நவீனக் கருவிகள் வந்துள்ளன. ஆயினும் சி-பேப் தோற்கும்போதோ மூச்சு அடிக்கடி நிற்கும்போதோ எடுத்துப் பார்க்கும் கருவியாகவே பை-பேப் இன்றும் இருக்கிறது. அதன் பின்னால் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் இல்லை.

நேருக்கு நேர்

சி-பேப்பையும் ஹை ஃப்ளோவையும் நேரடியாக மோதவிட்ட முக்கியமான ஆய்வு ட்ராமோன்டேன். பிரான்ஸின் ஐந்து குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட 142 குழந்தைகள். 2017-இல் வெளியான அதன் முடிவு: முதல் 24 மணி நேரத்தில் சிகிச்சை தோற்றது சி-பேப் பிரிவில் 31 விழுக்காட்டினருக்கு, ஹை ஃப்ளோ பிரிவில் ஏறக்குறைய 51 விழுக்காட்டினருக்கு.

தோற்ற விதத்திலும் பாடம் இருந்தது. ஹை ஃப்ளோவில் தோற்றவர்களுக்குப் பெரும்பாலும் மூச்சுத் திணறல் கூடியது. சி-பேப்பில் தோற்றவர்களுக்குக் கருவியைத் தாங்க முடியவில்லை. ஒன்று பலம் போதாமல் தோற்கிறது, மற்றது சௌகரியம் போதாமல் தோற்கிறது. எந்தப் பிரிவில் தோற்றாலும் மற்றக் கருவிக்கு மாற்ற வழி இருந்தது. வென்டிலேட்டர் வரை போனவர்கள் இரு பிரிவிலும் மிகச் சிலரே. ஹை ஃப்ளோவின் வேகத்தைக் கிலோவுக்கு 3 லிட்டராக உயர்த்தினால் பலம் கூடுமா என்று அதே குழுவினர் அடுத்து 286 குழந்தைகளிடம் சோதித்தார்கள். தோல்வி குறையவில்லை, அசௌகரியம் மட்டும் கூடியது.

பிரிட்டனின் ஃபர்ஸ்ட்-ஏபிசி ஆய்வு வேறு கோணத்தில் பார்த்தது. 24 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 600 குழந்தைகள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு பிராங்கியோலைட்டிஸ். 2022-இல் ஜாமா இதழில் வந்த முடிவின்படி, மூச்சுத் துணையிலிருந்து முற்றிலும் விடுபட ஹை ஃப்ளோ பிரிவுக்கு 53 மணி நேரம், சி-பேப் பிரிவுக்கு 48 மணி நேரம். ஹை ஃப்ளோ பின்தங்கவில்லை என்று ஏற்கும் அளவுக்கே இடைவெளி இருந்தது. மயக்க மருந்து தேவைப்பட்டவர்கள் ஹை ஃப்ளோவில் 28 விழுக்காடு, சி-பேப்பில் 37. ஆனால் வென்டிலேட்டரிலிருந்து எடுக்கப்பட்ட குழந்தைகளிடம் அதே குழு நடத்திய இணை ஆய்வில், ஹை ஃப்ளோ பின்தங்கவில்லை என்று நிறுவ முடியவில்லை.

முரண்போலத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே இடத்துக்கு வருகின்றன. பிரெஞ்சு ஆய்வு மிகச் சிறிய குழந்தைகளிடம் முதல் நாள் தோல்வியை அளந்தது. பிரிட்டிஷ் ஆய்வு பல வயதினரிடம், தேவைப்பட்டால் கருவியை மாற்றிக்கொள்ளும் வாய்ப்போடு, மொத்தப் பயணத்தை அளந்தது. பலத்தில் சி-பேப் முன்னால் நிற்கிறது. ஹை ஃப்ளோவில் தொடங்கி, பலிக்காதபோது உடனே சி-பேப்புக்கு மாற்றினால், பெரும்பாலான குழந்தைகளுக்கு இழப்பு நேராது. அந்த "உடனே" என்ற சொல்லைக் காப்பாற்றக்கூடிய ஆட்கள் வார்டில் இருக்க வேண்டும். எந்த நாட்டு மருத்துவமனைக்கும் இந்த ஆய்வுகள் விடுக்கும் நிபந்தனை இதுவே.

தாக்காவும் சலிமாவும்

அந்த நிபந்தனை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதை ஏழை நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. வங்கதேசத்தின் தாக்கா மருத்துவமனையில் ஜொபாயர் சிஷ்தி தலைமையிலான குழு, விலையுயர்ந்த கருவிக்குப் பதிலாக பபுள் சி-பேப் முறையைக் கையாண்டது. குழந்தை விடும் காற்று ஒரு குழாய் வழியே நீர் நிரம்பிய பாட்டிலுக்குள் போகும். குழாயின் முனை நீருக்குள் எத்தனை செ.மீ. ஆழத்தில் இருக்கிறதோ, அதுவே அழுத்தம். காலியான ஷாம்பூ பாட்டில்கூட இதற்குப் போதுமானதாக இருந்தது. நீரில் குமிழி வரும்வரை அழுத்தம் இருக்கிறது என்று பொருள். குமிழி நின்றால் குழாய் நழுவியிருக்கலாம், வாய் திறந்திருக்கலாம், இணைப்பு கழன்றிருக்கலாம். செவிலியர் ஒரு பார்வையில் தெரிந்துகொள்வார்.

கடுமையான நிமோனியாவும் ஆக்சிஜன் குறைவும் கொண்ட, ஐந்து வயதுக்கு உட்பட்ட 225 குழந்தைகளிடம் நடந்த அந்த ஆய்வு 2015-இல் வெளியானது. பபுள் சி-பேப் பிரிவில் இறந்தவர்கள் 4 விழுக்காடு. குறைந்த வேக ஆக்சிஜன் பிரிவில் 15. வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

மலாவியின் சலிமா மாவட்ட மருத்துவமனையில் 644 குழந்தைகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது. எச்.ஐ.வி., கடும் ஊட்டச்சத்துக் குறைவு, மிகக் குறைந்த ஆக்சிஜன் போன்ற ஆபத்துகள் கொண்ட குழந்தைகள் அவர்கள். பபுள் சி-பேப் பிரிவில் 17 விழுக்காட்டினர் இறந்தார்கள். சாதாரண ஆக்சிஜன் பிரிவில் 11. இந்த ஆய்வும் பாதியில் நிறுத்தப்பட்டது, எதிர்க் காரணத்துக்காக.

தாக்காவில் மருத்துவர்களின் நேரடிக் கண்காணிப்பு இருந்தது. சலிமாவில் மருத்துவர்கள் எப்போதும் உடன் இருக்கவில்லை. குழந்தைகளின் உடல்நிலையும் வேறு. பின்னர் எத்தியோப்பியாவில் 12 பொது மருத்துவமனைகளில், உரிய பயிற்சியோடும் மருத்துவர் மேற்பார்வையோடும் பபுள் சி-பேப் தரப்பட்டபோது, சிகிச்சைத் தோல்வியும் இறப்பும் குறைந்தன. இவை நிமோனியா ஆய்வுகள். பிராங்கியோலைட்டிஸுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஒரே கருவி ஓரிடத்தில் காப்பதும் இன்னோரிடத்தில் கெடுப்பதும் நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வார்டில் வைக்க வேண்டிய ஒழுங்கு

இந்த ஆய்வுகளை அடுக்கிப் பார்த்தால் நடைமுறை ஒழுங்கு ஒன்று கிடைக்கிறது. மிதமான திணறலுக்கு மூக்கை உறிஞ்சிச் சுத்தம் செய்வதும் குறைந்த வேக ஆக்சிஜனும் போதும். அதில் தேறாத குழந்தைக்கு ஹை ஃப்ளோ. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் திணறல் கடுமையாக இருந்தால் நேரடியாகச் சி-பேப், 7 செ.மீ. அழுத்தம் வரை. எதைத் தொடங்கினாலும் முதல் ஓரிரு மணி நேரம் குழந்தையை விட்டு நகரக் கூடாது. சிகிச்சை பலித்தால் இதயத் துடிப்பும் மூச்சு எண்ணிக்கையும் அதற்குள் இறங்கத் தொடங்கும். இறங்காவிட்டால் அதே கருவியில் இரவு முழுவதும் காத்திருப்பது ஆபத்து. அழுகை அடங்கிக் குழந்தை சோர்ந்து கிடப்பதைத் தேறுதல் என்று எண்ணிவிடுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

நோயைத் தடுக்கவும் இப்போது வழி பிறந்திருக்கிறது. நிர்செவிமாப் என்ற எதிர்ப்பொருள் ஊசிக்கு 2022-இல் ஐரோப்பாவும் 2023-இல் அமெரிக்காவும் அனுமதி தந்தன; கர்ப்பிணிகளுக்கான ஆர்.எஸ்.வி. தடுப்பூசியும் 2023-இல் வந்தது. ஸ்பெயினின் கலீசியாவில் எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் ஊசி வழங்கிய முதல் பருவத்திலேயே, ஆர்.எஸ்.வி. நுரையீரல் தொற்றால் மருத்துவமனையில் சேரும் ஆபத்து ஏறக்குறைய 80 விழுக்காடு குறைந்தது. இறப்புகளில் 97 விழுக்காட்டைச் சுமக்கும் நாடுகளுக்கு அந்த ஊசி எந்த விலையில், எப்போது போய்ச் சேரும் என்பது இனிமேல்தான் தீர்மானமாக வேண்டும். அதுவரை அங்கே மூச்சுத் துணைக் கருவிகளே அரண்.

ஆனால் பிராங்கியோலைட்டிஸுக்கென்றே நடந்த பெரிய ஒப்பீடுகள் ஆஸ்திரேலியா, பிரான்ஸ், பிரிட்டன் போன்ற, இந்த நோயால் குழந்தை இறப்பது அபூர்வமான நாடுகளிலிருந்து வந்தவை. அதனால்தான் அவை தோல்வி விகிதத்தையும் மணி நேரங்களையும் அளந்தன. அடுத்த ஒப்பீடு, குழந்தைகள் இறக்கும் மாவட்ட மருத்துவமனைகளில் நடக்க வேண்டும். பிராங்கியோலைட்டிஸ் குழந்தைகளை நிமோனியாவிலிருந்து பிரித்து எண்ண வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவர்களையும் மூன்று மாதத்துக்கு உட்பட்டவர்களையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு செவிலியருக்கு எத்தனை குழந்தைகள், இரவில் மருத்துவர் வந்து சேர எத்தனை நிமிடம் என்பவற்றையும் அழுத்தத்தின் அளவோடு சேர்த்துச் சிகிச்சையின் பகுதியாகவே அந்த ஆய்வு பதிவு செய்ய வேண்டும்.